டீசல் காரில் சமையல் எண்ணெய்: எஞ்சின் ஓடுவது வேறு, ஓடிக்கொண்டே இருப்பது வேறு

ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் நாள். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு செய்தி நம் கைப்பேசிகளைச் சுற்றி வருகிறது. 1893-இல் இதே நாளில் ருடால்ஃப் டீசல் தமது எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார் என்றும், பெட்ரோலிய நிறுவனங்கள் அந்த உண்மையை மறைத்துவிட்டன என்றும், நம் டீசல் காரிலும் சமையல் எண்ணெயை ஊற்றித் தாராளமாக ஓட்டலாம் என்றும் அது சொல்கிறது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் மக்கள் தங்கள் வண்டிகளைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1893 ஆகஸ்ட் 10 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் டீசலின் முதல் சோதனை எஞ்சின் தன் சொந்த ஆற்றலில் ஓடவே இல்லை. வெளியிலிருந்து சுழற்றப்பட்ட அந்த எஞ்சினுக்குள் பெட்ரோலைச் செலுத்தியபோது அது தீப்பிடித்தது. எழுந்த அழுத்தத்தில் அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. எஞ்சின் தானாகச் சுழன்றது 1894 பிப்ரவரி 17-இல்தான். அதுவும் ஏறத்தாழ ஒரு நிமிடம். நிலக்கடலை எண்ணெய் இந்தக் கதைக்குள் வருவது 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில். பிரெஞ்சு அரசின் வேண்டுகோளின் பேரில் ஓட்டோ நிறுவனம் அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. நிலக்கடலை ஏராளமாக விளைந்த தன் ஆப்பிரிக்கக் காலனிகளில், நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் கப்பலில் கொண்டுபோகாமலேயே எஞ்சின்களை ஓட்ட முடியுமா என்பதே பிரான்ஸின் கவலையாக இருந்தது. எஞ்சின் மிகச் சீராக ஓடியதால், எரிவது கடலை எண்ணெய் என்பதையே பார்வையாளர்களில் வெகு சிலர்தான் கவனித்தார்கள் என்று டீசலே 1912-இல் நினைவுகூர்ந்தார். தாவர எண்ணெய்கள் இன்று அற்பமாகத் தோன்றினாலும், பூமிக்கடியில் உள்ள எரிபொருள் தீர்ந்த பின்னும் சூரிய வெப்பத்திலிருந்து எஞ்சின்களுக்கு ஆற்றல் கிடைக்கும் என்பதற்கு அவை சான்று என்ற கருத்தையும் அவர் அப்போது முன்வைத்தார். பொய்யான 1893 கதையை விட இந்த உண்மைக் கதை எவ்வளவோ சுவையானது; ஏன் இதை யாரும் பகிர்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த 'டிரெஸ்டன்' கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார். அதையும் எண்ணெய் நிறுவனங்களின் கணக்கில் எழுதுகிறவர்கள், அப்போது அவர் கடுமையான பணநெருக்கடியில் இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. அவர் இறந்ததோடு தாவர எண்ணெய் ஆராய்ச்சி நின்றுவிடவும் இல்லை. 1937-இல் பெல்ஜியத்தில் ஷவான் என்ற பேராசிரியர், தாவர எண்ணெயை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து மெல்லிய எரிபொருளாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் பாமாயிலிலிருந்து தயாரித்த எரிபொருளில் 1938-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. இன்று பயோடீசல் என்று நாம் அழைப்பதன் முன்னோடி அதுவே. எல்லாம் வெளிப்படையாக, அச்சில் இருப்பவை. பெட்ரோலிய டீசல் வென்றதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. அது மலிவாக இருந்தது, மெல்லியதாகவும் இருந்தது.

மெல்லியது என்ற அந்த ஒரு பண்பில்தான் இந்த விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது அதன் கெட்டித்தன்மையின் அளவு, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை. அதே வெப்பநிலையில் கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 30-லிருந்து 40 வரை நிற்கின்றன. அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டி. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. இன்ஜெக்டரின் நுண்துளைகள் வழியே எரிபொருள் பனிப்புகை போலச் சிதறி, அழுத்தத்தால் கொதிக்கும் காற்றில் கணநேரத்தில் ஆவியாகித் தானே தீப்பிடிக்க வேண்டும். கெட்டியான எண்ணெய் அப்படிச் சிதறாமல் பருத்த துளிகளாகப் பாய்கிறது. பாதி எரிந்த துளிகள் நாசில் முனையில் கரியாகப் படிகின்றன, பிஸ்டன் ரிங்குகளை ஒட்டவைக்கின்றன, எரியாமல் எஞ்சியவை சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஆயிலுக்குள் கலக்கின்றன. இப்படிக் கலப்பது டீசலாக இருந்தால், அதில் ஒரு பகுதியாவது சூட்டில் ஆவியாகி வெளியேறும். தாவர எண்ணெய் ஆவியாகாது, அங்கேயே தங்கிக் காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து இறுகும். வீட்டில் பலகாரம் சுடும் வாணலியின் வெளிப்புறத்தில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசின் படிகிறதே, அதே வேதிவினைதான் எஞ்சினுக்குள்ளும் நிகழ்கிறது. முற்றிப்போனால் எஞ்சின் ஆயில் கூழாகிவிடும். வண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய பிறகே இது வெளியே தெரியும். ஒரே ஒரு பயணத்தைக் காட்டும் காணொளியில் இதைப் பார்க்கவே முடியாது.

ஆனாலும் உலகில் பல்லாயிரம் பேர் இப்படி வண்டி ஓட்டினார்களே என்ற கேள்வி நியாயமானது. ஓட்டினார்கள், நன்றாகவும் ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் ஓட்டிய எஞ்சின்கள் வேறு. மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம் 617 போன்ற பழைய எஞ்சின்களில், எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாயாமல், முன்னறை ஒன்றில் பாய்ந்து அங்கே எரியத் தொடங்கும். அந்தச் சூடான சிற்றறை பருத்த துளிகளையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. அதன் எரிபொருள் பம்ப்பும், பாஷ் நிறுவனத்தினுடையது, உறுதியானது. நம் ஊர்ப் பழைய டீசல் அம்பாசடரின் எஞ்சினும் முன்னறை வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதுபோன்ற பல வண்டிகளில் இருந்த சுழல் பம்ப், ஓடும் எரிபொருளையே மசகாகவும் நம்பியிருப்பதால், குளிர்ந்த கெட்டி எண்ணெயைத் தள்ள நேர்ந்தால் உடையக்கூடியது. எனவே பழைய எஞ்சின் என்பதும் தன்னளவில் போதுமான உத்தரவாதம் ஆகாது.

அறிந்து செய்தவர்கள் இரண்டு டேங்க் முறையைக் கையாண்டார்கள். வண்டியை டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரைக் கொண்டே இரண்டாவது டேங்கில் உள்ள எண்ணெயை 70, 80 டிகிரி வரை சூடாக்கி, அதன் பிறகே எண்ணெய்க்கு மாறுவார்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் டீசலுக்குத் திரும்பி, குழாய்களிலும் நாசிலிலும் உள்ள எண்ணெயைக் கழுவி வெளியேற்றுவார்கள். ஜெர்மனியில் லுட்விக் எல்ஸ்பெட் என்ற பொறியாளர் இன்னும் ஒரு படி மேலே போய், தாவர எண்ணெய்க்கென்றே தனி எஞ்சினை வடிவமைத்தார். எரிபொருளாகும் கடுகின எண்ணெய்க்கு அந்நாட்டில் டிஐஎன் 51605 என்ற தரநிலையே உண்டு. எண்ணெயில் இருக்கக்கூடிய பாஸ்பரஸ், நீர், தூசு ஆகியவற்றின் அளவை அது வரையறுக்கிறது. செயல்முறையில் அவ்வளவு ஒழுங்கு இருந்தது. பிறகு வரிச்சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டதும் அந்தச் சந்தை சுருங்கிப்போனது. பிரிட்டனில் இன்னொரு விதம்: 2002-இல் வேல்ஸின் லனெல்லி வட்டாரத்தில் பல்பொருள் அங்காடி எண்ணெயை ஊற்றி ஓட்டியவர்களை, எரிபொருள் வரி ஏய்ப்புக்காகக் காவல்துறையும் சுங்கத்துறையும் சாலையில் மடக்கிப் பிடித்தன. 2007-இல்தான் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை தயாரிக்கும் அல்லது பயன்படுத்தும் சிறியவர்களுக்கு அங்கே வரிவிலக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு போகன்வில் தீவு. 1990-களில் பப்புவா நியூ கினி அரசு அத்தீவை முற்றுகையிட்டு டீசலைத் தடுத்தபோது, அங்கிருந்த மக்கள் தேங்காய் எண்ணெயில் வண்டிகளை ஓட்டினார்கள். அது வெறும் துணிச்சல் அல்ல, வேதியியலும் அவர்கள் பக்கம் இருந்தது. ஓர் எண்ணெய் எவ்வளவு விரைவாகப் பிசினாகும் என்பதை அதன் அயோடின் எண் காட்டும். சூரியகாந்தி எண்ணெய்க்கு அது 120-க்கு மேல், கடலை எண்ணெய்க்கு 80-லிருந்து 105 வரை, தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியே. ஆகவே எஞ்சினுக்குள் மிகக் குறைவாகப் பிசினாவது தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அது 24, 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெப்பம் குறையாத தீவில் அது குறையாகத் தெரியாது. மார்கழி அதிகாலையில் கோயம்புத்தூரில் ஃபில்டர் அடைத்து வண்டி நின்றுவிடும்.

அண்மையில் நண்பர் ஒருவர், தம்முடைய காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் வகை) டீசல் காரில் கடலை எண்ணெயைக் கலந்து ஓட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்; இங்கும் அதையே சொல்கிறேன். இன்றைய கார்களில் எரிபொருள் ஆயிரம் முதல் இரண்டாயிரம் பார் வரையிலான அழுத்தத்தில், தலைமுடியை விட அதிகம் பருமனில்லாத துளைகள் வழியே, ஒரே சுழற்சியில் பலமுறை பீய்ச்சப்படுகிறது. அந்தப் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் டீசலின் மெல்லிய தன்மைக்கென்றே மயிரிழை இடைவெளியில் கடையப்பட்டவை. புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டிகளில், அதை எரித்துச் சுத்தம் செய்வதற்காகக் கூடுதல் எரிபொருள் சிலிண்டருக்குள் செலுத்தப்படும்போது, எஞ்சின் ஆயிலில் கலக்கும் எண்ணெயின் அளவு இன்னும் கூடும். ஓர் இன்ஜெக்டர் தொகுதியை மாற்ற ஆகும் செலவில் எத்தனை டேங்க் டீசல் வாங்கலாம் என்று கணக்கிட்டுப் பார்த்தாலே போதும். போதாததற்கு, நம் நாட்டுக் கடைகளில் நல்ல சமையல் எண்ணெய் டீசலை விட விலை அதிகம்.

நாட்டளவிலும் கணக்கு இடிக்கிறது. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன் டீசலைப் பயன்படுத்துகிறது. நாம் உண்ணும் சமையல் எண்ணெய் மொத்தமும் சுமார் இரண்டரைக் கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருவது. நாடு முழுவதும் தாளிப்பதையே நிறுத்தி அத்தனை எண்ணெயையும் டேங்கில் ஊற்றினாலும், டீசல் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. உண்ணத் தகுந்த எண்ணெயை எரிப்பதை எந்த விதத்திலும் என்னால் ஏற்க முடியவில்லை.

பயன்படுத்தி முடித்த எண்ணெய் அப்படி அல்ல. அதைப் பயோடீசலாக மாற்றும்போது பாகுத்தன்மை 3.5 முதல் 5 வரை இறங்கி, டீசலுக்கு அருகில் வந்துவிடுகிறது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 15607-க்கு உட்பட்ட பயோடீசலை, வழக்கமான டீசலில் 7 விழுக்காடு வரை கலக்க அனுமதி உண்டு; எந்தப் புதிய வண்டிக்கும் அதனால் கேடில்லை. ஆனால் இதை வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வினைக்குத் தேவைப்படுவது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அதே மெத்தனால்தான். அதன் ஆவியே நஞ்சு; எளிதில் தீப்பற்றும்; எரிந்தால் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மேலும், பலமுறை பொரித்த எண்ணெயில் நீரும் கட்டற்ற கொழுப்பு அமிலங்களும் மிகுந்திருப்பதால், அளவு பிசகினால் எரிபொருளுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும். இது ஆய்வகமும் உரிமமும் உள்ள ஆலைகளின் வேலை.

நம் பங்கு அந்த ஆலைக்கு எண்ணெயைக் கொண்டு சேர்ப்பது. பொரித்த எண்ணெயில், எண்ணெய் சிதைவதால் உண்டாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள், பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் தெருக்களின் பஜ்ஜிக் கடையும் சிப்ஸ் கடையும் சிக்கன் பக்கோடா வண்டியும் பெரும்பாலும் அந்த 50 லிட்டருக்குக் கீழே இருப்பவை. அங்கே கறுத்துப்போன எண்ணெய், சாக்கடைக்குப் போகாவிட்டால், இன்னும் மலிவான இன்னொரு வாணலிக்கு விலைபோகும் வாய்ப்பு உண்டு. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வார்டுதோறும் வாரம் ஒருமுறை இந்தச் சிறு கடைகளிலிருந்து எண்ணெயை எடைபோட்டு, அந்த இடத்திலேயே காசு கொடுத்து வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும். கொடுக்கும் விலை, அந்த எண்ணெயை இன்னொரு கடைக்கு விற்றால் கிடைப்பதை விட ஒரு ரூபாயாவது அதிகமாக இருக்க வேண்டும்.