புறநானூற்று அப்பாவுக்குப் பாசமும் உண்டு
'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' வரியை வைத்து, சங்கப் பாட்டில் அப்பாவுக்குக் கடமை மட்டும்தான், கொஞ்சலெல்லாம் அம்மாவுக்கு என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. அந்த வரி புறநானூறு 312, பொன்முடியார் பாடியது. அதில் பேசுகிற தாயும் 'ஈன்று புறந்தருதல்', அதாவது பெற்று வளர்ப்பது, தன் கடன் என்றுதான் தொடங்குகிறாள். கொல்லனுக்கும் வேந்தனுக்கும்கூட அங்கே கடன் உண்டு. அது முழுக்கக் கடமைப் பாட்டு.

அப்புறம் 188ஐப் பாருங்கள். பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசன். குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளை. எத்தனை செல்வம் இருந்தாலும் இப்படி மயக்குகிற மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து ரசித்த கண் இல்லாமல் இந்த வரிகள் வந்திருக்காது.