கல்லில் பேப்பர் ஒட்ட அரசாங்கம் காசு கொடுக்கணுமா?

அவையில் ஒருவர் பேசுகிற அந்த வீடியோவை ஆளுக்கு ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாரும் பார்த்தாயிற்று, அதனால் ஊரும் பேரும் வேண்டாம். கல்வெட்டுப் பயிற்சி முகாமுக்கும் ஊர் வரலாறு தொகுக்கிற வேலைக்கும் ஒதுக்கியிருந்த சின்னத் தொகையை நிறுத்தியது ஒரு பக்கம். நிறுத்திவிட்டு, “கல்லில் பேப்பர் ஒட்ட அரசாங்கம் காசு கொடுக்கணுமா?” என்று கேட்டதும், கூட்டம் சிரித்ததும் இன்னொரு பக்கம். அந்தச் சிரிப்புதான் மனசை அறுக்கிறது.

கொடுக்கணும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். கோடிக்கணக்கில் வேண்டாம். சின்னத் தொகை போதும். ஆனால் வருஷா வருஷம் வரணும், பொதுப்பணமாக வரணும், உள்ளூர்க்காரர் கைக்கு வரணும். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் வேலை நடக்காது.

‘பேப்பர் ஒட்டுவது’ என்றால் என்ன என்று தெரியாமல் சிரித்தவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேலைக்குப் பெயர் மைப்படி எடுப்பது. கல்லில் வெட்டிய எழுத்தை மையால் தாளில் பதித்து எடுப்பதுதான் அது. அதற்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கல் சுடும், தாள் நொடியில் காய்ந்துவிடும். முதல் வேலை எழுத்துப் பள்ளத்தில் இருக்கிற மண், பாசி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் எடுப்பது. நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும். கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் பக்கத்திலேயே வரக்கூடாது. எண்ணெய் படிந்த கல்லில் தாள் பிடிக்காது, நழுவும். அதனால் விளக்கேற்றுகிற இடத்துக் கல்வெட்டுக்கு மட்டும் பாதி நாள் போய்விடும்.

பிறகு மேப்லித்தோ என்கிற அச்சுத் தாளை நனைத்துக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழியைத் தள்ளிக்கொண்டே வரணும். அடுத்து அடிதூரிகை. ஒரே சீராக, மெல்ல, செங்குத்தாக அடிக்க அடிக்கத் தாள் எழுத்துக்குள் இறங்கும். கை கனத்தால் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் ஈரத்தாள் துண்டை வைத்து அதையும் அடித்து உட்கார்த்த வேண்டும். இதற்குப் பிறகுதான் மை. கரியும் பிசினும் கலந்த மையைத் துணிப்பந்தில் தொட்டு, முதலில் ஒரு தட்டில் ஒற்றி மிச்சத்தை எடுத்துவிட்டு, அப்புறம் தாளில் ஒற்றணும். தாளில் ஈரம் கூடினால் மை ஊறிப்போய் எழுத்து மூழ்கிவிடும். ஈரம் குறைந்தால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். எந்த ஈரத்தில் தொடங்குவது என்பதைப் புத்தகம் சொல்லாது. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித் தரணும். அதற்குப் பெயர்தான் பயிற்சி முகாம்.

எல்லாம் சரியாக வந்தால் கறுப்புத் தளத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். உரித்தெடுத்து, பின்பக்கம் ஊர், கோயில், எந்தத் திசைச் சுவர், கோயில் அடிப்பீடத்தின் எந்த அடுக்கு (ஜகதியா குமுதமா பட்டிகையா), எத்தனை வரி, என்ன தேதி என்று எழுத வேண்டும். இதை எழுதாமல் சுருட்டிய படி ஆறு மாதத்தில் யாருக்கும் பயன்படாது. முப்பதடி நீளத்துக்குக் கல்வெட்டு ஓடுகிற அதிட்டானம் (அதுதான் அந்த அடிப்பீடம்) என்றால், மூன்றடித் தாளை இரண்டு அங்குலம் மேல்பொருத்தி ஒட்டினால் ஒரு வரிசைக்கே பதினோரு தாள் ஆகும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். காற்று அடிக்கிற நாள் என்றால் மூன்று பேர்.

இதில் எது சிரிக்கிற சமாசாரம்? தாள், மை, தூரிகை, ஏணி வாடகை, பஸ் காசு, மதியச் சாப்பாடு, வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கூலி. இவ்வளவுதான் செலவு. ஒரு ஊரின் நுழைவாயிலில் வைக்கிற வளைவுக்கு ஆகிற பணத்தில் பல ஒன்றியங்களை முடித்துவிடலாம்.

“ரோடு இல்லை, குடிதண்ணீர் இல்லை, அதை விட்டுவிட்டுக் கல்வெட்டா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். இந்தத் தொகையை நிறுத்தியதால் எந்த ஊருக்கு ரோடு வந்தது என்று மட்டும் காட்டுங்கள். ரோட்டுப் பணம் வேறு தலைப்பில் வருகிறது, இது வேறு தலைப்பு. பட்ஜெட் படித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தே பேசுகிறார்கள்.

குடிதண்ணீர் என்றதும் இன்னொன்றும் சொல்லணும். நம் கல்வெட்டுகளில் கணிசமானவை தண்ணீர்க் கணக்கு. யார் ஏரி வெட்டினார், யார் தண்ணீர் திறக்கிற தூம்பு வைத்தார், தூர்வார என்ன வருமானம் எழுதிவைத்தார், எந்த நிலத்துக்கு எந்த வாய்க்கால் பாய்ந்தது. உத்திரமேரூரில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய இரண்டு கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது குடும்பாக, அதாவது வார்டாக, ஊரைப் பிரித்து, குடவோலை எடுத்து வாரியங்கள் என்கிற ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். இன்று மேடைக்கு மேடை அந்தக் குடவோலையைப் பேசுகிறோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசுச் சம்பளம் வாங்கிய சிலர் அங்கே போய்ப் படியெடுத்து, படித்து, அறிக்கையில் போட்டதால்தான் பேச முடிகிறது. அன்றைக்கும் யாராவது “இதற்கு எதற்குக் காசு” என்று கேட்டு நிறுத்தியிருந்தால் நமக்கு உத்திரமேரூர் ஒரு பஸ் ஸ்டாப் மட்டும்தான்.

அடுத்த கேள்வி, “போனில் போட்டோ எடுத்தால் போதாதா? இந்தக் காலத்தில் தாளும் மையுமா?” இது நியாயமான கேள்வி, இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். போட்டோ எடுக்கணும், கட்டாயம் எடுக்கணும். ஆனால் நேர் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் தேய்ந்த எழுத்து தட்டையாகிக் காணாமல் போய்விடும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, அதே சட்டத்தை (ஃபிரேமை) இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்க வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். போன் அசையக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். அளவுகோல் ஒன்று சட்டத்துக்குள் தெரியணும். ஒவ்வொரு சட்டமும் முந்தியதோடு கொஞ்சம் மேல்பொருந்தணும், இல்லாவிட்டால் வரியை இணைக்க முடியாது. முப்பரிமாண ஸ்கேன் இன்னும் நல்லது. இவற்றுக்கும் ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், சேமிக்க இடம் வேண்டும். ‘டெக்னாலஜி வந்துவிட்டது, அதனால் காசு வேண்டாம்’ என்பது கணக்கே இல்லை.

சரி, படமோ படியோ எடுத்தாயிற்று. படிப்பது யார்? அந்தக் கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார வேறுபாடு இல்லை, ஒகர ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். நடுநடுவே சமஸ்கிருதத்துக்கான கிரந்த எழுத்து வரும். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி, நில அளவின் பின்னங்களுக்கு வேறு குறி. அரசன் புகழைச் சொல்லும் முன்னுரையான மெய்க்கீர்த்தியை வைத்து அரசன் யாரென்று பிடித்து, ஆட்சியாண்டை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் காலம் கிடைக்கும். ரெண்டு நாள் முகாம் ஒருவரைப் படிக்கவைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தை அடையாளம் காணவும், ‘இது கல்வெட்டு, இதில் கைவைக்காதே’ என்று கொத்தனாரிடம் சொல்லவும் கற்றுத்தரும். அவரே ஐந்தாறு வருஷம் தொடர்ந்து வந்தால் படிப்பார். அதனால்தான் வருஷா வருஷம் என்கிறேன். ஒரு வருஷம் கொடுத்து மூன்று வருஷம் நிறுத்தினால், கற்றுக்கொண்ட பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கணும்.

“ஆர்வம் இருக்கிறவர்கள் சொந்தக் காசில் செய்யட்டுமே.” இதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் ஐயா! அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ரிட்டயர் ஆனவர்கள் பென்ஷனில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் நடுகல் தேடுகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததும் பத்திரிகையில் செய்தி வரும், போட்டோ வரும். அதன்பிறகு அந்தக் கல் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய உழைப்பை இனாமாக வாங்கிக்கொண்டு, அதையே காரணம் காட்டிக் காசை நிறுத்துவது அவமானப்படுத்துவது. தனி ஆள் செய்கிற வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் போன பிறகு நோட்டுப் புத்தகமும் படிகளும் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் அவர் 1992-ல் மறைந்த பிறகு எங்கே போயிருக்கும்? சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் அது சிதறாமல் இன்று சென்னையில் நூலகமாக நிற்கிறது. பிரிட்டிஷ் லைப்ரரி வழியாக நடக்கிற அழியும் ஆவணங்களுக்கான திட்டம் 2004-லிருந்து உலகம் முழுக்கப் பணம் கொடுக்கிறது, தமிழ்நாட்டு ஆவணங்களுக்கும் கொடுத்திருக்கிறது. நன்றி சொல்லவேண்டிய விஷயம்தான், சொல்கிறேன். ஆனால் நம் ஊர்ச் சுவருக்கு நம் ஊர்ப் பணம் கூடாது என்று சொல்லிவிட்டு, வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுதி உட்கார்ந்திருப்பது எனக்கு வலிக்கிறது.

பணமே இல்லை என்றாலாவது ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நூலகத்துக்கென்று 1948-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோடு சேர்த்து 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நூலக வரியாக நீங்களும் நானும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகவே போட்டிருக்கும். உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. பல இடங்களில் வசூலாகிற வேகத்தில் போய்ச் சேருவதில்லை. முழுசாகச் சேர்ந்தால் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு பீரோவை அந்த வட்டாரத்து வரலாற்றுக்கு ஒதுக்கலாம். மைப்படியின் நகல், பழைய பட்டா, செப்பேட்டுப் படம், ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த ஒலிப்பதிவு எல்லாம் அங்கே இருக்கும். பள்ளிப் பிள்ளை சைக்கிளில் போய்ப் பார்க்கலாம்.

உள்ளூரில் இப்படி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நடுவணரசின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனது, தமிழ்ப் படிகளும் கூடவே போயின. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போடவேண்டி வந்தது. படியெடுத்தும் முழு வாசகம் அச்சேறாமல், ஆண்டறிக்கையில் நாலு வரிக் குறிப்போடு நிற்கிற கல்வெட்டுகள் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்கு இன்று சுவரே இல்லை, தாள்தான் மிச்சம்.

ஒரு எதிர்ப்பை மட்டும் நான் தட்டிவிடப் போவதில்லை. “கோயில் கல்வெட்டு எல்லாம் ராஜாவும் நிலம் வைத்திருந்தவனும் எழுதிக்கொண்டது. அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கோபத்தில் இருக்கிற நியாயம் புரிகிறது. உத்திரமேரூரிலேயே பொதுவாக வரி கட்டுகிற கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும், சொந்த மனையில் வீடும் இருந்தவன்தான் வாரியத்துக்கு நிற்க முடியும். அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் தம்பி, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டிலேயே பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று ஊருக்கு ஊர் இறையிலி (வரியில்லாத) இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தீண்டாமை எழுத்தில் இருந்ததற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? அதை உங்கள் ஊர்ப் பிள்ளையே படிக்கணும். பெருமை பேசுகிறவன் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறிப்போடு கிடைத்த நடுகற்களில் ஒன்று, மாடு கவர்கிற சண்டையான ஆநிரைப் பூசலில் செத்தவனுக்கு நட்டது. அரண்மனைக்குள் எழுதிய எழுத்து அல்ல அது. இப்படிப்பட்ட கற்கள் காட்டிலும் வயலிலும்தான் கிடக்கின்றன. உள்ளூர் ஆள் போனால்தான் கண்ணில் படும், உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுத்தால்தான் போவார்.

இப்போது எனக்கு இருக்கிற பெரிய கோபம் முகாமை நிறுத்தியதைக்கூடத் தாண்டிவிட்டது. முகாமுக்குக் காசில்லை என்கிற அதே வட்டாரத்தில் திருப்பணி மும்முரமாக நடக்கிறது. உபயதாரர் பணத்தில் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று சுவரில் மணலை வீசி அடிக்கிறார்கள். மணல்வீச்சு கூடாது என்று அறநிலையத் துறை தடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் கம்ப்ரஸர் வந்து நிற்கிறது. கருங்கல்லின் மேல்தோல் போகும்போது ஏற்கெனவே தேய்ந்த எழுத்தும் கூடவே போகிறது. அதிட்டானத்தைப் பிரித்துக் கட்டும்போது கல்லுக்கு எண் போடாமல் அடுக்கிவைத்து, மறுபடி கட்டும்போது கிடைத்த கல்லைக் கிடைத்த இடத்தில் வைக்கிறார்கள். மூன்றாவது வரி மேற்கில், நான்காவது வரி தெற்கில், பாதிக் கல் தலைகீழாக. அப்புறம் எந்த அறிஞர் வந்தாலும் கோர்க்க முடியாது. எழுத்துள்ள சுவரில் ட்ரில் போட்டு ஸ்விட்ச் போர்டு, பிரகாரத் தரையில் கல்வெட்டுப் பலகை மேல் டைல்ஸ்.

முகாமுக்கு வந்த ஒரு பிள்ளை அங்கே நின்றிருந்தால் ‘ஐயா, இது எழுத்து, நிறுத்துங்க’ என்று சொல்லியிருக்கும்.

அந்த அவையில் இருக்கிறவர்களில் யாராவது இதைப் படிப்பீர்கள் என்றால், தொகையைத் திருப்பிக் கொடுப்பதோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு திருப்பணி எஸ்டிமேட்டிலும் சாரம் கட்டுவதற்கு முந்தைய இனமாகக் கல்வெட்டுப் பதிவைச் சேருங்கள். சுவர் முழுக்கச் சாய்வெளிச்சப் படம், எழுத்துள்ள இடம் அனைத்துக்கும் மைப்படி இரண்டு பிரதி, பிரிக்கப்போகிற ஒவ்வொரு கல்லுக்கும் எழுத்தில்லாத பக்கத்தில் எண், அந்த எண்களைக் குறித்த வரைபடம். ஒரு பிரதி தொல்லியல் துறைக்கு, ஒரு பிரதி பக்கத்துக் கிளை நூலகத்துக்கு. இது முடிந்ததற்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒருவரின் கையெழுத்து இல்லாமல் முதல் தவணை பில் பாஸ் ஆகக்கூடாது.