மூட்டை தூக்கவா படித்தாய்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வராதவர்களும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். துறைமுக நிர்வாகம் படிக்க ஆசை என்று ஒரு மாணவி சொன்னதும் விழாவின் சிறப்பு விருந்தினர், "மூட்டை தூக்கவா அம்மா இவ்வளவு படித்தாய்? டாக்டருக்குப் படி" என்றார். மண்டபமே சிரித்தது. பிள்ளையும் கூடவே சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐயா, 2023இல் நம் மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 1.4 கோடி கொள்கலன்கள். அத்தனையையும் முதுகிலா தூக்கினார்கள்?

துறைமுகம் இல்லையென்றால் நம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் தோட்டமே இல்லை. 1917இல் தெனமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, நட்டது நாம் வாழைக்காய் பஜ்ஜி போடுவதற்கா? கப்பலேற்றத்தான். ரப்பரும் அப்படித்தான். 1901இல் கிள்ளான் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அந்தத் துறைமுகத்தை மூடும் நிலைக்குத் தள்ளியது. சதுப்பில் வடிகால் வெட்டியாவது அதைக் காப்பாற்றினார்கள். சரக்கு வெளியேற வாசல் வேண்டுமே!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்" என்பீர்கள். இன்றைக்கே வாருங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் கப்பலில்தான் வருகிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது மளிகைக் கடையில் விலை கேட்டு முகம் சுளித்தவர்களுக்குக் கடல் எவ்வளவு பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அப்பா ஆலையிலிருந்து கிள்ளானுக்கு எண்ணெய் லோரி ஓட்டியவர். ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வால்வில் கம்பி கோத்து ஓர் ஈய முத்திரை, அதில் ஓர் எண். துறைமுக வாயிலில் காவலர் டார்ச் அடித்து அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். அப்பா காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "யா, யா" என்றார். அது முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓர் இலக்கம் பிசகினால் திருட்டுப் பழி ஓட்டுநர் தலையில்தானே விழும்! ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அவரையும் சேர்த்துத்தான்.

"பாதிக்கு மேல் கிள்ளானில் இறங்கி வேறு கப்பலேறி வெளிநாட்டுக்கே போகிற சரக்குதானே, நமக்கென்ன லாபம்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அதற்காக வரும் பெரிய கப்பல்களில்தான் நம் சரக்குக்கும் இடம் கிடைக்கிறது.

டாக்டராகச் சொன்னதில் தவறில்லையாம். சரி, தவறில்லை. உலகத்து டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் மலேசிய ரப்பர் கையுறை எந்த வாசல் வழியாகப் போகிறது என்று அந்தப் பெரியவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா இதைப் படித்தால், மனுப் பாரத்தோடு வீட்டுக்கு வரட்டும். மாலை ஐந்துக்கு மேல் இருப்பேன். இதையெல்லாம் நான் மண்டபத்திலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். 28 ஆண்டுகள் கப்பல் காகிதம் எழுதிச் சோறு தின்றவன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தட்டிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.