தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், அதுதான் என் இலக்கு

போன ஆவணியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பால்காய்ப்பு வீட்டுக்குப் போயிருந்தோம். ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள், பெண்கள் எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தோம். பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். எழப் பார்த்தேன், முடியவில்லை. வலது கையை ஊன்றினேன், அதுவும் போதவில்லை. இடது கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த மதினியின் தோளைப் பிடித்தது. "இரு, நான் மொதல்ல எந்திச்சுக்கிடுதேன், பொறவு ஒன்னையத் தூக்கி விடுதேன்" என்றார் மதினி. அவருக்கு 56 வயது, எனக்கு 49. சுவரோரம் ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நாற்காலிக்கும் இடையில் இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வி அன்று சாப்பிடும்போதும் என்னை விடவில்லை.

நான் உடம்பைக் கவனிக்காதவள் இல்லை. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் 40 நிமிஷம் நடக்கிறேன். நடந்தால் போதும் என்று முழுசாக நம்பியிருந்தேன், நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் நம்புகிறோம். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது, அதை நான் நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் ஆழமாக மடங்குவதே இல்லை. மடங்கிய காலிலிருந்து மொத்த உடம்பையும் மேலே தள்ளுகிற வேலையைத் தொடை ஆறு வருஷமாகச் செய்யவே இல்லை. தோளும் கையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டோம், இரண்டாம் பாதி நம் காதில் விழவேயில்லை.

முப்பதைத் தாண்டினாலே பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்று சொல்லப்படுகிறது, அறுபதுக்குப் பிறகு வேகம் இன்னும் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. "வயசானா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாஸ்டனில் சராசரி 90 வயதுள்ள 10 முதியவர்களுக்கு 8 வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-ல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது. தொண்ணூறில் தேறுகிற தசை ஐம்பதில் தேறாதா?

ஊரிலிருந்து வந்த வேகத்தில் நான் செய்தது தவறு. போனில் பார்த்த ஒரு சவாலைப் பிடித்துக்கொண்டேன்: தினமும் பஸ்கி, அதாவது நின்றபடியே முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது, 30 நாளில் நூறைத் தொட வேண்டும். ஒன்பதாம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மாடிப்படி இறங்க ஐந்து வாரம் கைப்பிடி தேவைப்பட்டது. தசை சில வாரத்திலேயே தேற ஆரம்பித்துவிடும். தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் தேறும். தொடை "முடியும்" என்று சொன்னதை நம்பி முட்டியை மாட்டிவிட்டேன். 100 என்பது யாரோ வைத்த எண். என் முட்டியைப் பார்த்தும் வைக்கவில்லை, என் வயசைப் பார்த்தும் வைக்கவில்லை.

பிசியோதெரபி படித்த என் தங்கை மகள்தான் கேட்டாள், "பெரியம்மா, எதுக்காகப் பண்றீங்க?" பால்காய்ப்பு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "அப்ப தரையில இருந்து எழறதையே இலக்கா வைங்க. நூறு எதுக்கு?"

அதைக் கேட்டதும் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில்தான் முறிவு, கட்டுப்போட்டு அது சரியாகிவிட்டது. ஆனால் அப்பா மார்க்கெட்டிலிருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் எழ முடியாமல் கிடந்தாள். எழுந்துவிடத் தொடையிலும் வலு இல்லை, ஊன்றித் தள்ளத் தோளிலும் வலு இல்லை. அன்றையிலிருந்து தனியாகக் குளிக்கப் போகவே பயப்படுகிறாள். எலும்பு கூடியது, தைரியம் கூடவில்லை. என் இலக்கு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடுப்பளவிலும் இல்லை, எடை மிஷினிலும் இல்லை.

அராஉஜோ என்ற பிரேசில் மருத்துவர் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார். தரையில் உட்கார்வதற்கு 5 மதிப்பெண், எழுவதற்கு 5. கையோ முட்டியோ ஒருமுறை ஊன்றினால் ஒன்று போகும், தள்ளாடினால் அரை போகும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது என்று 2012-ல் அவர் குழு எழுதியது. மதிப்பெண் குறைந்தால் ஆயுள் குறையும் என்று இதை நேராகப் படிக்கக் கூடாது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் எழுவது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு இதில் பிடித்தது, செலவே இல்லாமல் மாதம் ஒருமுறை வீட்டிலேயே என்னை அளந்துகொள்ள முடிகிறது. முதல் முறை எனக்குக் கிடைத்தது 5.

கார்த்திகையில் புதிதாகத் தொடங்கினேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுவது. எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. எழுவதைவிட உட்கார்வதில்தான் கவனம் வைக்க வேண்டும், மனதுக்குள் நாலு எண்ணி முடியும்வரை மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு நாள் 12 சுலபமாக வந்தால் உயரத்தைக் குறைப்பது. நாற்காலியிலிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து பலகை, அப்புறம் தரை. நாற்காலியிலிருந்து முக்காலிக்கு வர எனக்குப் பத்து வாரம் ஆனது. அவசரப்படவில்லை.

கைக்கு அடுப்பு மேடை. பால் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, மேடை விளிம்பில் கை ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்து நெஞ்சை மேடை வரை கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. தண்டால்தான், சாய்ந்த தண்டால். மேடை சுலபமானதும் கட்டில் விளிம்பு, அப்புறம் மாடிப்படியின் இரண்டாம் படி. "இந்த வயசுல ஆம்பளை மாதிரி தண்டால் எடுக்கணுமா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். விழும்போது முகம் தரையில் மோதாமல் தாங்குவதும் இந்தக் கைதான், விழுந்தபின் உடம்பைத் தூக்கிவிடுவதும் இந்தக் கைதான். இதில் ஆண் என்ன, பெண் என்ன?

தண்டால் என்றதும் 40 என்ற எண் வாட்ஸ்அப்பில் வரும். 40 தண்டாலுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நோய் 96 சதவீதம் குறைவு என்று 2019-ல் வந்த ஆய்வு அது. யாரிடம் நடத்தினார்கள் என்பதை யாரும் அனுப்புவதில்லை. அமெரிக்காவில் 1,104 தீயணைப்புப் படையினர், எல்லாரும் ஆண்கள், சராசரி வயது 40-ஐ ஒட்டி. வேலைக்காகவே உடம்பைப் பழக்கி வைத்திருப்பவர்களின் எண் அது. அதை எடுத்து 50 வயதில் முதல்முறையாகக் கை ஊன்றுகிறவர் தலையில் வைத்தால், ஒன்று தோள் போகும், இல்லை ஆசை போகும்.

"நம்ம பாட்டிமார் ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் அரைத்தார்கள், அவர்களுக்கு எதுக்குப் பயிற்சி" என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பாட்டி அரைத்தாள், இறைத்தாள், அறுபது வயதில் கூன் விழுந்துவிட்டது. ஓய்வும் இல்லை, கடைசியாக உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்ட உடம்பு வேறு. சுமையும் ஓய்வும் சாப்பாடும் சேர்ந்தால்தான் அது பயிற்சி. அதனால்தான் வாரத்தில் மூன்று நாள் மட்டும், திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களில் மத்தியானம் சுண்டலோ முட்டையோ தட்டில் கட்டாயம் இருக்கும்.

இலக்கில் இரண்டு வகை உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எத்தனை தண்டால் வரும் என்பது உடம்பின் கையில். வாரம் மூன்று நாள் 25 நிமிஷம் செய்தேனா என்பது என் கையில். தினசரி காலண்டரில் நான் பேனாவால் குறிப்பது இரண்டாவதை மட்டும்தான். மாசியில் காய்ச்சல் வந்து பத்து நாள் விட்டுப்போனது. விட்டதைச் சேர்த்துச் செய்யவில்லை, முக்காலியிலிருந்து திரும்ப நாற்காலிக்குப் போய் ஒரு வாரம் இருந்தேன்.

பிரஷரோ சர்க்கரையோ இருப்பவர்கள் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். தள்ளும்போது மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே வரும். வேலை செய்த அலுப்பு தொடையில் இருந்தால் இருக்கட்டும், மூட்டுக்குள் குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

இது ஆடி. பலகை உயரத்திலிருந்து கை கட்டி எழுகிறேன். இரண்டாம் படியில் பத்துத் தண்டால் வருகிறது, தரையில் மூன்று. போன வாரம் அளந்தபோது மதிப்பெண் ஏழரை. எழும்போது ஒரு கை இன்னும் ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி மதினி போன் செய்தார். அவரும் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. "நாற்காலில எட்டு வருது, ஒம்பதாவது வரமாட்டேங்கு" என்றார். "எட்டுலயே ஒரு வாரம் இருங்க மதினி. இறங்கும்போது நாலு எண்ணுதீங்களா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அவர் குரல், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."