மதிப்பெண் தவிர வேறென்ன போகிறது?

வசந்த காலத்தில் நியூயார்க் மாநிலத் தேர்வுகள் நெருங்கினால், லாங் ஐலண்டில் உள்ள நம் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எழுத வைப்பதா, மறுப்புக் கடிதம் கொடுப்பதா? 2015இல் இம்மாநிலத்தில் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அத்தேர்வை எழுதவில்லை. நம்மவர்களுக்கு அதில் தயக்கம் அதிகம். மாநில முதலிடம் பெற்றவர்களின் படங்களை நாளிதழில் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? (தமிழ்நாடு அரசே 2017இல் அந்தத் தரவரிசையைக் கைவிட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.) தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்குப் பிடிவாதம் ஏதுமில்லை. தேர்வைச் சாக்கிட்டுப் பிள்ளையைப் பற்றி என்னென்ன திரட்டப்படுகிறது, அது யாரிடம் போகிறது என்பதை நாம் கேட்பதே இல்லை என்பதுதான் என் குறை.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, அதற்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி ஆகிய தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு, பள்ளி நேரத்திலேயே நடந்த தேர்வுகளின்போது மாணவர்களிடம் சொந்த விவரங்களைக் கேட்கும் ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்லி வந்தது. சராசரி மதிப்பெண், படிக்க விரும்பும் துறை, சமய ஈடுபாடு, பெற்றோரின் படிப்பு எனக் கேள்விகள் நீளும். அவ்வாறு கிடைத்த விவரங்களைக் கல்லூரிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று நியூயார்க் தலைமை வழக்கறிஞர் லெட்டிஷியா ஜேம்ஸ் நடவடிக்கை எடுத்ததில், 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் 7,50,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு விவரம் கைமாறிய நியூயார்க் மாணவர்கள் 2,37,000 பேருக்கு மேல்.

விருப்பமிருந்தால்தானே நிரப்ப வேண்டும் என்று சிலர் வாதிடலாம். தேர்வு அறையில், மேற்பார்வை ஆசிரியரின் முன்னால், பக்கத்து மேசைக்காரர்கள் மளமளவென்று வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கையில், பதினைந்து வயதுப் பிள்ளை எதை விருப்பம் என்று கண்டது? பிறகு வீட்டுக்கு வண்ண வண்ணமாய்க் கல்லூரிக் கையேடுகள் வந்து குவிகின்றன. “அந்தக் கல்லூரியே கூப்பிடுகிறது” என்று நாம் பூரித்துப்போகிறோம். விண்ணப்பங்கள் பெருகப் பெருகச் சேர்க்கை விகிதம் குறைந்து அந்தக் கல்லூரியின் மதிப்பு உயரும் என்பதையும், அழைப்பு வந்த பிள்ளைகளில் பலர் நிராகரிக்கப்படவே போகிறார்கள் என்பதையும் அந்தக் கையேட்டில் எழுத மாட்டார்கள்.

பெற்றோர் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. கேட்ஸ் அறக்கட்டளையும் கார்னகி அமைப்பும் தந்த சுமார் 10 கோடி டாலரில் உருவான இன்ப்ளூம், பல மாநில மாணவர்களின் விவரங்களை ஒரே இடத்தில் சேமிக்கும் திட்டமாக 2013இல் தொடங்கியது. ஒரு மாணவரைப் பற்றி நானூறுக்கும் மேற்பட்ட தகவல் வகைகளுக்கு அதில் இடமிருந்தது. அமெரிக்க மாணவர் தனியுரிமைக்கான 1974ஆம் ஆண்டுச் சட்டமோ, 2011இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மதிப்பீட்டுப் பணிகளுக்காகப் பெற்றோரின் ஒப்புதலின்றியே வெளியாருடன் விவரங்களைப் பகிர வழிவிட்டிருந்தது. நியூயார்க் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் அத்தகைய நிறுவனத்துக்குத் தரவு தருவதைத் தடைசெய்ததும், 2014 ஏப்ரலில் இன்ப்ளூம் மூடுவிழாவை அறிவித்தது. காலேஜ் போர்டைப் பிடித்த, மாநிலக் கல்விச் சட்டத்தின் 2-டி என்னும் பிரிவும் அதே ஆண்டில் பிறந்ததுதான்.

அந்தச் சட்டத்தின்படி, மாணவர் விவரங்களைப் பெறும் ஒவ்வொரு ஒப்பந்த நிறுவனம் பற்றியும் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும்: எதற்காகப் பெறுகிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முடிந்தபின் தரவு என்னவாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் மாவட்டத்தின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக நிறுவனப் பெயர்கள்; பலவற்றின் எதிரே “ஒப்பந்தம் முடிந்ததும் அழிக்கப்படும்” என்ற ஒரே வாசகம். அழித்ததை யார் சரிபார்க்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நிறுவனமே எழுதித் தந்துவிடும் என்று பதில் வந்தது. 2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மாணவர் பதிவேட்டு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் நிறுவனத்திலிருந்து மாணவர் விவரங்களைத் திருடியவர்கள்கூட, பணம் வாங்கிக்கொண்டு அழித்துவிட்டதாகத்தான் சொன்னார்கள். அடுத்த மே மாதமே அதே விவரங்களைக் காட்டிப் பள்ளி மாவட்டங்களுக்கு மிரட்டல் வந்தது.

மே மாதத்தில், பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் வருகிறது. வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, அழிப்பைச் சரிபார்க்க வெளித் தணிக்கைக்கு ஒப்புவார்களா என்று கேளுங்கள். கிரீன் கார்டிலும் எச்1பியிலும் இருப்பவர்களுக்கு வாக்கில்லைதான். ஆனால் வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கென்று ஒதுக்கும் நேரத்தில் எழுந்து நின்று கேட்க யாரும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை.