நீங்களே கூர் போடக்கூடிய கத்தியை வாங்குங்கள்

பெங்களூரில் இருக்கும் தம்பி மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பி, "அயித்தை, இது வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். கன்னங்கரேலென்று ஒரு மடக்குக் கத்தி. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். அலகு நாலு மில்லிமீட்டர் தடிமன். தினமும் பையில் வைத்துக்கொள்ளவாம். தினம் எதையப்பா அறுக்கப் போகிறாய் என்றேன். பார்சல் டேப், ஆப்பிள், எப்போதாவது ஒரு கயிறு. அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: காரைக்குடியில் பலகாரம் போட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிற தொழில். விடிந்தால் அரிசி மூட்டையின் தையல் பிரிக்க வேண்டும், மைதா சாக்கு, எண்ணெய் டின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, அட்டைப் பெட்டி, சணல், வாழை இலைக்கட்டு என்று பொழுது சாயும்வரை ஏதாவது ஒன்றை அறுத்துக்கொண்டேதான் இருப்பேன். கைப்பையில் கத்தி இல்லாமல் நான் வெளியே போவதில்லை. "ஆச்சி, பாதுகாப்புக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. பாதுகாப்புக்கு வாசலில் நாய் இருக்கிறது. இது மூட்டை பிரிக்க.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கூட வைத்துக்கொள்ளும் கத்தியை, உங்கள் வீட்டில் இருக்கிற கல்லில் நீங்களே கூர் போட முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். எஃகின் பெயர், விரித்த அலகு மடங்காமல் பிடிக்கிற பூட்டின் பெயர், பிடியின் பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் என்றால், எவ்வளவு உசத்தியான அலகானாலும் அட்டைப்பெட்டி அறுத்தால் மழுங்கும். அட்டையில் கலந்திருக்கும் நுண்ணிய மண்துகளே அதற்குப் போதும். உசத்தி எஃகு கொஞ்சம் தாமதமாக மழுங்கும், அவ்வளவுதான். மழுங்கிய பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விலை உயர்ந்த கத்திகளில் வருகிற எஸ்30வி மாதிரி எஃகுகளில் வனேடியம் என்ற உலோகம் சேர்த்திருக்கிறார்கள். அது எஃகில் இருக்கும் கரியோடு சேர்ந்து உண்டாகிற வனேடியம் கார்பைடு, நாம் கடையில் வாங்கும் சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானது. தேய்க்கத் தேய்க்கக் கல்தான் தேயும். அதற்கு வைரத்தூள் பூசிய தகடு வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க் கத்தி மேஜை டிராயரில் மொக்கையாகக் கிடக்கும். ஐந்நூறு ரூபாய்க் கத்தி கூராக இருந்தால் அதுதான் வேலைக்கு வரும்.

எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் கம்பெனி செய்கிற சிவப்புப் பிடிக் கத்திகள் 56ஐ ஒட்டி இருக்கும். உசத்தி ரகங்கள் 60ஐத் தொடும். 56 என்றால் மட்டம் என்று கத்திப் பைத்தியங்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அந்த 56தான் சௌகரியம். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும், கீழே விழுந்தாலும் லேசில் வாய், அதாவது அறுக்கிற விளிம்பு, உதிராது. 1891இலிருந்து ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துக்கொண்டிருக்கிற கம்பெனிக்கு இன்னும் கடினமான எஃகு வாங்க வக்கில்லாமலா இருக்கும்? சிப்பாய் கையில் கிடைத்த கல்லில் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்கிற கணக்கு அது.

அடுத்தது தடிமன். இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். ஒரு செங்காய்க் கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்து, வாய்ப் பக்கம் வர வரச் சன்னமாகிற அலகு பழத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கும். வில்லை வில்லையாக விழும். நாலு மில்லிமீட்டர் அலகு, வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், பாதி வரை போனதும் கோடாலி விறகைப் பிளக்கிற மாதிரி பழத்தைப் படக்கென்று பிளந்து போடும். தடித்த அட்டையிலும் இதே கதைதான், நடுவழியில் சிக்கி நிற்கும். தடித்த அலகு நெம்புவதற்கு நல்லது என்பார்கள். நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதே, கத்தியை ஏன் நெம்ப வேண்டும்?

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரான்ஸின் ஒப்பினெல். சவாய் மலைப்பக்கத்தில் 1890இல் ஆரம்பித்தது. ஒரு மரப்பிடி, ஒரு மெல்லிய அலகு, கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. அந்த வளையமும் 1955இல்தான் சேர்ந்தது. எட்டாம் நம்பர் எடுத்தால் அலகு எட்டரை சென்டிமீட்டர், பெரும்பாலான கைகளுக்கு அதுவே சரி. குறையும் உண்டு. தண்ணீர் பட்டால் மரம் ஊதிக்கொண்டு அலகு வெளியே வர அடம் பிடிக்கும். ஈரக்கையோடு வேலை செய்கிற சமையல்கட்டுக்கு அது தோது இல்லை. கார்பன் எஃகிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் வருகிறது. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ அறுத்தால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு துரு இல்லை, பயப்பட வேண்டாம். நறுக்கிய துண்டில்தான் லேசாக இரும்பு வாடை ஏறும். நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிற வீட்டில் ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்கள்.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது மூட்டு. அலகை முழுக்க விரித்து, முனையை இரண்டு விரலால் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆணியை இறுக்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். ரிவிட் அடித்த கத்தியில் அதை வீட்டில் இறுக்க முடியாது. அப்புறம் மடக்கி, மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் உட்கார வேண்டும், ஒரு பக்கத் தகட்டில் உரசக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அலகை விறைப்பாகப் பிடிக்கிற முதுகு ஸ்பிரிங்குக்கும் பிடித் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகக்கூடாது. விரிக்கும்போது நகம் மாட்டும் பள்ளம் நகத்தைப் பிய்க்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால் நாலு நாளில் நீங்களே அதைத் தொட மாட்டீர்கள். மடக்கும்போது அலகு தளர்ந்து தொங்கினாலும் வேண்டாம். பாதியில் ஒரு முறை நின்று, பிறகு டப்பென்று மூடினால் அது விரலுக்குக் கரிசனப்பட்டுச் செய்தது.

பூட்டு வேண்டுமா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் பூட்டில்லாத கட்சி. இழுத்து அறுக்கிற வேலையில் விசை அலகை விரிக்கிற பக்கம்தான் போகும், மடக்குகிற பக்கம் போகாது. குத்துகிறவர்களுக்கும் முனையால் துளைக்கிறவர்களுக்கும்தான் பூட்டு அவசியம். பிடிக்குள் இருக்கிற தகடு வளைந்து வந்து அலகைத் தாங்குவது லைனர் பூட்டு. இப்போது எல்லா மலிவுக் கத்தியிலும் வருகிற அதை 1980களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக்காரர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நல்ல யோசனை, சந்தேகமில்லை. ஆனால் மூடும்போது அந்தத் தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது, பழகாதவர்கள் அங்கேதான் அறுத்துக்கொள்கிறார்கள். ஒரு கையில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியை விரிக்க வேண்டியவர்களுக்கு ஒற்றைக்கைக் கத்தியும் பூட்டும் தேவைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். லண்டன் பக்கம் இருக்கும் நம்ம பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கவும். அங்கே மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப் போகலாம். பூட்டுக் கத்திக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் ஆயுத விதிகளில் வருவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்ததற்கு விலக்கு உண்டு. பழம் நறுக்குகிற மடக்குக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பொத்தான் அமுக்கினால் தாவுகிற ராம்பூரி வகையறா வேறு சங்கதி, சில மாநிலங்களில் அதற்குத் தனியாகத் தடை இருக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். சட்டத்தை விடுங்கள், எதிரில் இருக்கிறவர் மிரளுகிற கத்தியை எடுத்துப் பந்தியில் ஆப்பிள் நறுக்க முடியுமா? திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் மறக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது.

காரைக்குடிக்கு வருகிறவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் நுழையாமல் போவதில்லை. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் நம்ம ஐயாக்கள் கொண்டுவந்த எனாமல் தூக்கு, மங்கு என்கிற பீங்கான் ஜாடி இவற்றுக்கு நடுவில் பழைய பேனாக்கத்தியும் கிடக்கும். கத்திக்குப் பெயர்போன சீமை ஊர்களான ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று பொறித்திருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். அலகின் அகலத்தைப் பாருங்கள். தேய்ந்து தேய்ந்து ஈர்க்கு மாதிரி ஆகியிருந்தால் அலமாரியில் வைக்கலாம், வேலைக்கு ஆகாது. ஸ்பிரிங்கில் விரிசல் இருந்தாலும் அதேதான். செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பிடியாக இருந்தால் அது நாள்பட விடுகிற ஆவியே அலகை அரிக்கும், மற்றக் கத்திகளோடு சேர்த்து மூடி வைக்காதீர்கள். யானைத் தந்தம், மான் கொம்புப் பிடி என்றால் கையை எடுத்துவிடுங்கள், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சீமைக் கத்திகளின் பிடிக்கு ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடமான் கொம்புதான் கப்பல் ஏறிப் போனது என்பது வேறு கதை.

சரி, கூர் போடுவது. தெருவில் சக்கரம் மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் ஓடுகிற சக்கரத்தில் மெல்லிய அலகு சட்டென்று சூடேறும். வாய் நீலம் பூத்துவிட்டால் பதம், அதாவது காய்ச்சி ஏற்றிய கடினம், போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் அந்த இடத்தில் கூர் நிற்கவே நிற்காது. வீட்டில் ஆயிரம் நம்பர் (துகளின் நைஸைச் சொல்கிற எண்) சாணைக்கல் ஒன்று இருந்தால் போதும். கல்லை நனைத்து, முதுகை லேசாகத் தூக்கி, பதினைந்திலிருந்து இருபது பாகைக்குள் சாய்வு மாறாமல் தேயுங்கள். மறுபக்கம் நகத்தில் பிசிறு தட்டும்வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம். அவசரத்துக்குக் கல்லும் வேண்டாம். மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் நாலு இழுப்பு இழுத்தால் மாலை வரை தாங்கும். எங்கள் பேக்கிங் அறையில் அப்படி ஒரு விளிம்பு உடைந்த கிண்ணம் இதற்கென்றே இருக்கிறது. கறுத்த கோடுகள் விழுந்த அந்த அடிவளையத்தைப் புதிதாக வேலைக்கு வந்த பெண் அழுக்கு என்று நினைத்து ஒரு நாள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள், பாவம்.

தம்பி மகனுக்குச் சொன்னது: அந்தக் கறுப்புக் கத்தியை விட்டுவிடு. இரண்டு அலகோடு கத்தரிக்கோலும் உள்ள சின்ன விக்டோரிநாக்ஸோ எட்டாம் நம்பர் ஒப்பினெல்லோ வாங்கு, மிச்சக் காசில் ஒரு கல் வாங்கு. விக்டோரிநாக்ஸ் என்றால் அலகின் அடியில் கம்பெனிப் பெயரும் ஸ்விஸ் முத்திரையும் பொறித்திருக்கிறதா என்று பார், இணையத்தில் போலி கொட்டிக் கிடக்கிறது. டமாஸ்கஸ், அதாவது பல அடுக்கு எஃகு, என்று போட்டு மலிவாக விற்கிற கத்திகளின் அலைக்கோடு பலதும் மேலே பொறித்த வெறும் கோலம்தான்.

இங்கே படிக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. பதம் வைக்கத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. அந்தப் பட்டறைகளில் யாராவது ஸ்பிரிங் வைத்த நல்ல மடக்குக் கத்தி அடிக்கிறார்களா? தேவகோட்டை, சிவகங்கை, மானாமதுரைப் பக்கம் எங்கே என்றாலும் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்து, எங்கள் பேக்கிங் பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று வாங்கத் தயாராக இருக்கிறேன்.