பட்ட காலிலேயே மறுபடியும் அடிக்கிறோம்

2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்கா பகுதிக்கு அருகே கடலுக்கடியில் 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பசிபிக் கரையோர நாடுகள் பலவற்றில் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை முன்னெச்சரிக்கையாக வெளியேற்றினார்கள். நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இங்கே பினாங்கில், எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், அன்று மாலைக்குள் அந்தப் பழைய செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அணுக்கதிர் பரவுகிறதாம். மழை பெய்தால் 24 மணி நேரம் வெளியே போகக் கூடாதாம். கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு, கழுத்தில் அயோடின் மருந்தைத் தடவிக்கொள்ள வேண்டுமாம்.

ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த 2011 மார்ச்சில் பிபிசியின் பெயரைப் பொய்யாகப் போட்டு ஆசிய நாடுகள் முழுவதும் குறுஞ்செய்தியாகச் சுற்றிய அதே வாசகம்தான் இது. அப்போது பிலிப்பைன்ஸில் அதை நம்பிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய கல்விக்கூடங்கள் உண்டு. தாங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பிபிசியே மறுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தச் செய்திக்குச் சாவு வரவில்லை.

இது பொய் என்று நான் குழுவில் எழுதியதும் என் சித்தி மகள் பதில் போட்டாள்: "உண்மையோ பொய்யோ, எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே அண்ணா?" அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவள். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை சுனாமி வந்த 2004இல் நான் கேட்டேன், 2011இல் கேட்டேன், ஃபுகுஷிமா நிலையத்தின் தண்ணீரை ஜப்பான் கடலில் விட்ட 2023இலும் கேட்டேன். அதனால் அவளுக்குத் தனியாகச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். நம்முடைய இந்த ஜாக்கிரதைக்கு விலை உண்டு. அந்த விலையை நாம் கொடுப்பதில்லை. பேரிடரில் ஏற்கெனவே எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

முதலில் அந்த அயோடின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அணு உலை உடைந்தால் வெளியேறும் பொருள்களில் ஒன்று கதிரியக்க அயோடின். மூச்சு வழியாகவோ பால் வழியாகவோ உடலுக்குள் போனால் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கும். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உலைக்கு அருகே வசிப்பவர்களுக்குச் சரியான நேரத்தில் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுத்தால், சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பிவிடும். கெட்டதற்கு இடம் இருக்காது. புண்ணுக்குப் போடும் மருந்தைக் கழுத்தில் தடவினால் இந்தப் பலன் கிடைக்காது. குடித்தால் உடம்புக்குக் கேடு. சீனாவில் 2011இல் மக்கள் கடை கடையாகப் போய் அயோடின் உப்பை மூட்டையாக வாங்கினார்கள். ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடின் உப்பிலிருந்து கிடைக்க வேண்டுமானால் அதைக் கிலோ கணக்கில் தின்ன வேண்டும். ஃபுகுஷிமாவோ நம்மிடமிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

2011இன் அந்த வாரத்தில் நம் பேச்செல்லாம் நம் கழுத்தைப் பற்றியும் நம் மழையைப் பற்றியும்தான் இருந்தது. அங்கே என்ன நடந்தது என்பதைப் பலர் இன்றுவரை சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 மார்ச் 11, மதியம் 2.46. நிலநடுக்கத்தின் அளவு 9. அணுமின் நிலையத்தைத் தாக்கிய அலை ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. உலைகளைக் குளிர்விக்க வேண்டிய மின்னாக்கிகள் மூழ்கின, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அந்தப் பேரிடரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 18,000 பேருக்கு மேல். அவர்களைக் கொண்டுபோனது சுனாமியும் நிலநடுக்கமும். "ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் பல்லாயிரம் பேர் செத்தார்கள்" என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அணுக்கதிர்வீச்சை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில், ஃபுகுஷிமா மக்களிடம் கதிர்வீச்சே நேரடிக் காரணம் என்று சொல்லக்கூடிய உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கிறது. நிலையத்தில் பணியாற்றிய ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததைக் கதிர்வீச்சோடு தொடர்புபடுத்தி ஜப்பான் அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது.

ஃபுகுஷிமா மாநிலத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஊரைவிட்டு அவசரமாகக் கிளப்பியதாலும், இடம் மாறி இடம் மாறி அலைந்ததாலும், மருந்தும் பராமரிப்பும் கிடைக்காமலும், மனமுடைந்தும் இறந்தவர்கள் 2,300 பேருக்கு மேல். பெரும்பாலும் முதியவர்கள். அந்த மாநிலத்தில் சுனாமி கொன்றவர்களைவிட இந்தத் தொகை அதிகம். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையின் படுத்த படுக்கையான நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்காகக் கொண்டுபோனார்கள். வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்திலும் பலர் இறந்துபோனார்கள். அங்கிருந்து வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளைப் பள்ளியில் "கிருமி" என்று அழைத்துத் துன்புறுத்தினார்கள். யோக்கோஹாமாவில் அப்படி ஒரு மாணவனிடம் சக மாணவர்கள் பணமும் பிடுங்கிய செய்தி 2016இல் வெளிவந்து ஜப்பானையே உலுக்கியது. வீடு போன பிள்ளை அவன். அவனைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எந்த வீட்டிலோ பெரியவர்கள் பேசியதைக் கேட்டுத்தானே அந்தச் சிறுவர்கள் அப்படி நடந்துகொண்டார்கள்?

அந்தச் சுனாமி, ஜப்பானியர்கள் திமிங்கலத்தைக் கொன்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று கோயில் வாசலில் நின்று பேசியவர்களையும் எனக்குத் தெரியும். இங்குள்ள ஒரு மலாய் நாளேடு, ஜப்பானியத் தொலைக்காட்சி வீரன் அல்ட்ராமேன் சுனாமிக்குப் பயந்து ஓடுவதாகக் கேலிச்சித்திரம் போட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டதையாவது பாராட்டலாம். கோயில் வாசல்காரர்கள் அதையும் செய்யவில்லை.

நம் பினாங்குக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா கரைகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் கடல் ஏறி வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் இறந்தவர்கள். பூலாவ் பெத்தோங்கிலும் தெலுக் பாஹாங்கிலும் மீனவர்களின் படகுகள் நொறுங்கின, வலைகள் போயின. அதற்கு அடுத்த வாரங்களில் நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் மறந்துவிட்டோம். மீன் சாப்பிடுவதை நிறுத்தினோம். கடலில் பிணங்கள் மிதக்கின்றன, மீன்கள் அவற்றைத் தின்றிருக்கும் என்றொரு பேச்சு கிளம்பியது. இங்கே மட்டுமல்ல, நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் இதே பேச்சுதான்.

அந்த ஜனவரியில் ஒருநாள் அம்மாவோடு சௌராஸ்தா சந்தைக்குப் போயிருந்தேன். வழக்கமாக மீன் பகுதியில் தோளை இடிக்காமல் நடக்க முடியாது. அன்று சிமெண்டு மேடைகள் கழுவிவிட்டபடி காய்ந்து கிடந்தன. நாங்கள் எப்போதும் வாங்கும் பாய் மட்டும் கொஞ்சம் கானாங்கெளுத்தியும் இரண்டு வவ்வால் மீனும் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி மீனைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார். பாய் ஒன்றும் பேசாமல் ஒரு கானாங்கெளுத்தியை எடுத்து வயிற்றைக் கீறி, குடலை விரலால் வழித்து, பலகையில் விரித்துக் காட்டினார். கூழாகிப்போன பொடி இறால்தான் அதில் இருந்தது. "பாருங்கள் அக்கா, இதைத் தவிர அது வேறு எதையும் தின்னவில்லை" என்றார். அந்தப் பெண்மணி நடந்துபோய்விட்டார். அம்மா ஒரு கிலோ வாங்கினார். காசை வாங்கும்போது பாய் சொன்னார்: "என்னை விடுங்கள் அம்மா, எனக்குக் கடை இருக்கிறது. மீன் கொண்டுவந்து போடும் பிள்ளைக்குப் படகும் போய்விட்டது. கடன் வாங்கி இன்னொருவர் படகில் போய்ப் பிடித்து வந்தால், அதை வாங்கவும் ஆளில்லை."

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தானாகப் படுவது வேறு. இங்கே நாம்தான் போய் அந்தக் காலில் அடித்தோம். கரையில் நிவாரணத்துக்கு அரிசி மூட்டை கொடுத்த அதே கைகள் சந்தையில் அவர்களுடைய மீனைத் தள்ளிவிட்டன.

ஃபுகுஷிமா மீனவர்களுக்கும் இதுவேதான் நடந்தது. 2023 ஆகஸ்டு 24 முதல், அணுமின் நிலையத்தின் சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள். அதில் பிரிக்க முடியாமல் எஞ்சும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனுக்கு ஜப்பான் வைத்த வரம்பு லிட்டருக்கு 1,500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி அளவு 10,000. சீனா ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. தென்கொரியாவில் அதற்கு முன்பே உப்பு வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. நம் சுகாதார அமைச்சு ஜப்பானிய உணவுப்பொருள்களைச் சோதித்து அனுப்புவதாக அறிவித்தது. அது சரியான நடவடிக்கை. ஆனால் நம் புலனக் குழுக்களில் லங்காவி நெத்திலியைக்கூடத் தின்னக் கூடாது என்று சுற்றியதே, அதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இவ்வளவும் சொல்வதால், பயப்படுகிறவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். மக்கள் வதந்தியை நம்புவதற்குக் காரணம், சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காததுதான். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. சுவீடனில் ஓர் அணுமின் நிலையத்தின் கருவிகள் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுத்த பிறகுதான், 28ஆம் தேதி இரவு சோவியத் அரசு சில வரி அறிவிப்பை வெளியிட்டது. அதற்குள் பிள்ளைகள் அந்தப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2011இல் ஜப்பானில் நமியே ஊர் மக்கள் உலையிலிருந்து தப்பி வடமேற்கே ஓடினார்கள். காற்று கதிரியக்கத்தைக் கொண்டுபோனதும் அந்தத் திசைதான். எந்தப் பக்கம் பரவும் என்ற கணிப்பு அதிகாரிகளிடம் இருந்தது. ஊர் மக்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. உலைகளின் எரிபொருள் உருகியதை ஒப்புக்கொள்ளவே நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்கு இரண்டு மாதம் ஆனது.

நம் நாட்டிலும் இந்தக் கதை உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து இரண்டு மணி நேர கார் பயணத்தில் இருக்கும் பேராக் புக்கிட் மேராவில், 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கியது. வெள்ளீயச் சுரங்க மண்ணிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தது; மிஞ்சிய கழிவில் கதிரியக்கமுள்ள தோரியம். சுமார் 11,000 பேர் வாழ்ந்த அந்த இடத்தில் ஐந்து ஆண்டுக்குள் எட்டு பேருக்கு இரத்தப் புற்றுநோய். கருச்சிதைவுகள். மக்கள் பயந்தார்கள், ஆனால் வதந்தி பரப்பவில்லை. ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா என்ற மரபியல் பேராசிரியரை வரவழைத்து அளந்து பார்த்தார்கள். நீதிமன்றம் போனார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் போன்றவர்கள் துணை நின்றார்கள். 1987இல் அரசின் லாலாங் கைது நடவடிக்கையில் அந்த மக்களின் தலைவர்களையும் விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, 1994இல் நிறுவனமே மூடிக்கொண்டு போனது. அந்த இடத்தைத் துப்புரவு செய்து, கழிவைக் கிளேடாங் மலைப் பக்கம் புதைக்க ஏறக்குறைய பத்து கோடி அமெரிக்க டாலர் செலவானது. "படிக்காத கிராமத்து ஜனங்கள் பீதியைக் கிளப்புகிறார்கள்" என்று அவர்களைப் பற்றித்தான் அப்போது பேசினார்கள். கூடங்குளத்தில் 2011இல் போராடிய இடிந்தகரை மீனவர்களைப் பற்றியும் அதையே சொன்னார்கள், ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கும் போட்டார்கள். சுனாமியைக் கண்ணால் பார்த்த மக்கள், கடலோரத்தில் உலை எதற்கு என்று கேட்டதில் என்ன அறியாமை இருக்கிறது?

புக்கிட் மேரா மக்களின் பயம் கேள்வியாக மாறி ஆலைக்காரனிடமும் அரசாங்கத்திடமும் போய் நின்றது. சௌராஸ்தாவில் நம் பயம் போய் நின்றது மீன்காரரிடம்.

இப்போது இது ஏன் முக்கியம் என்றால், கம்சட்கா நிலநடுக்கத்துக்கு மறுநாள், ஜூலை 31 அன்று, நம் நாடாளுமன்றத்தில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தியும் இடம்பெற்றிருக்கிறது. 2011 ஜனவரியிலேயே இதற்கென ஒரு கழகம் தொடங்கி, 2018க்குப் பிறகு கைவிட்டார்கள். இப்போது மீண்டும் எடுத்திருக்கிறார்கள். பாங்கியில் 1982 முதல் ஒரு சிறிய ஆராய்ச்சி உலை இயங்கிவருவதே நம்மில் பலருக்குத் தெரியாது. அணுமின்சாரம் கூடவே கூடாது என்பது என் வாதமல்ல. நிலக்கரிப் புகையும் ஆட்களைக் கொல்கிறது. ஆனால் ஒரு நிலையம் வரப்போகிறது என்றால் இந்த நாட்டு மக்களிடம் முதலில் பேசியாக வேண்டும்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கதிர்வீச்சு அளவுகளை யார் வேண்டுமானாலும் அன்றன்றே பார்க்கும்படி வைப்பீர்களா என்று கேட்டிருக்கிறேன். ஏதாவது நடந்தால் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் முதல் மணி நேரத்துக்குள் எங்கள் கைப்பேசிக்கு யார் செய்தி அனுப்புவார் என்றும், கழிவை எந்த ஊரில் வைப்பீர்கள், அந்த ஊர்க்காரர்களிடம் எப்போது பேசுவீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். கடைசியாக, ஆபத்தே இல்லாமல் வெறும் பயத்தால் மீன் விற்காமல் போனால் தெலுக் பாஹாங் மீனவர்களுக்கு யார் இழப்பீடு கொடுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். உங்கள் தொகுதியிலும் எழுதுங்கள். கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.